துணி கிளிப் மாட்டிய கடைசி அத்தியாயம்

என் மேசையில் ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களை ஒரு நீல நிறத் துணி கிளிப் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொடியில் சட்டை காயப்போடும்போது மாட்டுவோமே, அதே கிளிப்தான். ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு நீலம் வெளுத்துப் பாதி சாம்பலாகிவிட்டது. அதற்கு அடியில் இன்னும் ஏழெட்டுப் புத்தகங்கள். பாதிக்கு மேல் இதே மாதிரி வால் பக்கம் பூட்டப்பட்டவை. போன வாரம் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஆசிரியை ஒருவர் பேசினார். மென்பொருளின் நம்பகத்தன்மை, பாதுகாப்புப் பொறியியல் ஆகியவற்றில் மாணவர்கள் படிக்கவேண்டிய புத்தகங்களைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவற்றில் ஒன்றைக்கூட நான் வாங்கவில்லை, ஆசைப்பட்டுப் படிக்கவும் இல்லை. எல்லாம் பாய் படிக்கவைத்தவை.

பாய் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர், கூனிமேட்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர் என்றாலும் ஊரே பாய் என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். வளைகுடாவில் ஒரு பெரிய ஆலையில் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கே திரும்பிவிட்டார். கம்பளி வரும், சென்ட் வரும் என்று காத்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் அவர் பிரித்த பெட்டியில் புத்தகமாக இருந்ததாம். அந்த ஏமாற்றத்தை அவருடைய மச்சான் சாகும்வரை மறக்கமாட்டார் என்று பாயே சொல்லிச் சிரிப்பார்.

கம்பெனி என்று சொன்னது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். பெரிய முதலியார்சாவடியில் ஒரு வாடகை வீட்டு மாடியில், போன் அடித்தால் மோட்டார் ஓடும் பெட்டியை நாலைந்து பேர் செய்துகொண்டிருந்தோம். வாங்கியவர்கள் பெரும்பாலும் மரக்காணம் உப்பளக்காரர்கள். குழியிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கும் மோட்டாரை அவர்கள் வீட்டில் இருந்தபடியே போடலாம், நிறுத்தலாம். கரண்ட் போய் வந்தால் பெட்டியே ஞாபகம் வைத்து மோட்டாரை மறுபடி ஓட்டிவிடும். பெட்டி விற்றதே இந்த வசதிக்காகத்தான். நிரலில் அது வெறும் இரண்டு வரி. மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்த என் தம்பிதான் ஊர் முழுக்க அதன் பெருமையைப் பேசி எனக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்தான்.

பாய் வேலைக்குச் சேர்ந்ததும் சாயங்கால டீ நேரம் எங்கள் கையைவிட்டுப் போனது. அதுவரை கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஆளுக்கொரு விபத்து அறிக்கையை நீட்ட ஆரம்பித்தார். விமானம், ரயில், மருத்துவக் கருவி, ரசாயன ஆலை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சூத்திரங்கள் நிறைந்த பாடப்புத்தகமும் அவரிடம் இருந்தது. அதை முதலில் தொட விடமாட்டார். “அது டானிக் சார். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குடிக்கணும்” என்பார். முதலில் விபத்து அறிக்கை, அதற்கடுத்து மனிதர்கள் எப்படித் தவறுகிறார்கள் என்று சொல்லும் ஒரு சின்னப் புத்தகம், அதற்குப் பிறகுதான் கணக்கு. இதுதான் அவர் வரிசை. அறிக்கைகளில் விபத்து நடந்த இடத்திலிருந்து கடைசிவரை கிளிப் மாட்டியிருப்பார். முதல் தடவை அவர் இல்லாத நேரத்தில் நான் கிளிப்பை எடுத்துப் படித்துவிட்டேன். சாயங்காலம் “யார் மேல தப்பு?” என்று அவர் கேட்டதும் பட்டென்று பதில் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“கிளிப்ப எடுத்துட்டீங்களா சார்? முடிவு தெரிஞ்சிட்டா நாம எல்லாரும் புத்திசாலி ஆயிடுவோம். அந்த ஆளுக்கு அன்னிக்கு காலைல என்ன தெரிஞ்சிருந்துது? அத மட்டும் பாருங்க.”

எரிச்சலாக இருந்தது. சம்பளம் கொடுப்பவன் நான், வீட்டுப்பாடம் கொடுப்பவர் இவரா? ஆனாலும் அந்த முறையில் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. கிளிப்புக்கு முன்னால் இருக்கும் பக்கங்களில் முட்டாள்கள் யாரும் இல்லை. எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். மென்பொருளும் எழுதிக் கொடுத்தபடியேதான் நடக்கிறது. எந்த உறுப்பும் உடைவதில்லை. இருந்தும் அடுத்த பக்கத்தில் ஒருவர் செத்துப்போகிறார். குற்றவாளியைத் தேடிப் படித்த எனக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது.

ஒருநாள் பாய் எங்கள் பெட்டியையே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த இரண்டு வரியை எடுத்துவிட வேண்டும் என்றார். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடக்கூடாது, அப்போது போன் அடித்தாலும் ஓடக்கூடாது. யாராவது நேரில் வந்து பட்டன் அமுக்கிய பிறகுதான் ஓடவேண்டும். அந்தப் பட்டனும் பெட்டி இருக்கும் கொட்டகையில் இருக்கக்கூடாதாம். நீளமாக ஒயர் இழுத்துக் குழியின் ஓரத்தில் வைக்கவேண்டுமாம். “அமுக்குறவன் கண்ணுல குழி படணும் சார்” என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. விற்கிற வசதியைப் பிடுங்கிவிட்டு, அதற்கு மேல் ஒயர் செலவும் வைக்கிறாரே! தம்பியிடம் சொன்னதும் அவன் என்னைவிடக் கத்தினான். “இன்னாண்ணா இது? கரண்ட் வந்தா நானே ஓடிவந்து அமுக்கணும்னா இந்தப் பொட்டி எதுக்கு? அந்த பாய் படிச்சிப் படிச்சி உன் கடைய மூடிடுவாரு, பாரு!”

பாய் வாதாடவில்லை. என் மேசையில் ஓர் அறிக்கையை வைத்துவிட்டுப் போனார். ஓர் இயந்திரத்தின் உள்ளே ஒருவர் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். வெளியே, அவரைப் பார்க்க முடியாத இடத்தில், இன்னொருவர் சுவிட்சை நோக்கி நடந்து வருகிறார். அதோடு கிளிப். அன்று எனக்கு அதை எடுக்கக் கை வரவில்லை. தம்பியின் ஞாபகம் வந்தது. பாசி அடைத்துக்கொண்டால் பம்ப்பைக் கழற்றி முழங்கைவரை உள்ளே விடுகிறவன் அவன். உண்மையைச் சொன்னால், பயந்துபோனேன். மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, இனி பாய் சொல்கிறபடி செய்யலாம் என்றேன். மாற்றிய முதல் பெட்டியைத் தம்பியின் உப்பளத்தில்தான் மாட்டினோம். அவன் பல வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, சில ஆர்டர்களும் கைவிட்டுப் போயின.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரில் கை வைப்பதற்கு முன்னால் கொட்டகையில் இருக்கும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். கட்டை பையில் இருக்கும்வரை மோட்டார் ஓடாது என்று நம்பிக்கை. இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டைகள் அடிக்கடி களவு போவதால், உதவிக்கென்று ஒரு கட்டையைக் கொட்டகை விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். யாருடைய கட்டையாவது காணவில்லை என்றால், பக்கத்துப் பாத்திக்காரர் அதை எடுத்து மாட்டிவிடுவார். அது அவர்களுக்குள் இருக்கும் நல்ல மனசு. இரண்டு வழக்கமும் எத்தனையோ காலமாக ஒரே கொட்டகையில், ஒன்றையொன்று தொடாமல் இருந்திருக்கின்றன.

புதுப் பெட்டி மாட்டிய பிறகு ஒருநாள் காலையில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. இதுதான் சமயம் என்று தம்பி கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குழியில் இறங்கிப் பம்ப்பைத் திறந்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருந்ததால் அவன் வெளியே தெரியவில்லை. கொட்டகைக்கு வந்த பக்கத்துப் பாத்திக்காரர் கட்டை இல்லாததைப் பார்த்தார். எவனோ எடுத்துப் போய்விட்டான், பையனுக்குத் தண்ணீர் நின்றுவிடுமே என்று விட்டத்துக் கட்டையை எடுத்து மாட்டினார். கரண்ட் வந்தது. பழைய பெட்டியாக இருந்தால் அந்த நொடியே மோட்டார் சுற்றியிருக்கும். புதுப் பெட்டி சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருந்தது. அவர் அதைத் திட்டிக்கொண்டே, அந்தப் பையன் வரும்வரை எதற்குக் காத்திருக்க, நாமே அமுக்கிவிடலாம் என்று பட்டனைத் தேடி ஒயரைப் பிடித்தபடி குழிவரை நடந்திருக்கிறார். அங்கே தம்பி குனிந்து, பம்ப்புக்குள் கை விட்டபடி இருந்தான்.

தம்பி போன் செய்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் கையில் ஒரு கட்டை, அவர் கையில் ஒரு கட்டை. “நல்லதுன்னு நெனச்சிதாங்க மாட்டினேன்” என்று அவர் அழுதார். பாய் அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார்.

“நல்லதுதாங்க செஞ்சீங்க. அதத்தான் எழுதணும்.”

இதையெல்லாம் எப்படி முன்கூட்டியே தெரிந்துகொண்டார் என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன். “எனக்கு எங்க சார் தெரியும்? விட்டத்துல கட்டை தொங்குறதே இன்னிக்குத்தான் தெரியும். நமக்குத் தெரியாதது ஏதோ ஒண்ணு அங்க இருக்குதுன்னு மட்டும்தான் படிச்சிருந்தேன்” என்றார். அன்றிலிருந்துதான் நான் அவருடைய புத்தகங்களை முணுமுணுக்காமல் படித்தேன்.

விபத்தே நடக்காத அந்தக் காலைக்குப் பாய் ஓர் அறிக்கை எழுதினார். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து அவரவர் காலையைச் சொல்லச் சொன்னார். அதில் தப்பு என்ற சொல்லே கிடையாது. அந்த அறிக்கையைக் கொட்டகையில் வைத்துப் படித்துக் காட்டியபோது, உதவிக் கட்டையை இனி விட்டத்தில் தொங்கவிடாமல் குழியோரப் பட்டனுக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம் என்று சொன்னது அந்தப் பக்கத்துப் பாத்திக்காரர்தான். இப்போது நிறையக் குழிகளில் அப்படித்தான் தொங்குகிறது. எங்களைவிட்டுப் போன ஆர்டர்களும் மெல்லத் திரும்பி வந்தன. அம்மா நன்றாகத் தேறியதும் பாய் மறுபடி வளைகுடாவுக்குப் போனார். போகும்போது புத்தகப் பெட்டியை என்னிடமே விட்டுவிட்டார். புதிதாக ஏதாவது படித்தால் இன்றும் போனில் குரல் செய்தி அனுப்புவார்; முடிவை மட்டும் சொல்லமாட்டார்.

கல்லூரிக்கு எந்த ஊர் அறிக்கை, எந்தப் பாடப்புத்தகம் என்று யோசித்துக் கடைசியில் எல்லாவற்றையுமே அனுப்பிவிட முடிவு செய்தேன். எடுத்துப்போகத் தம்பி பைக்கில் வந்தான். புத்தகக் கட்டின் உச்சியில் நான் வைத்த, அந்தக் காலையைப் பற்றிய மெல்லிய அறிக்கையைப் பார்த்து நின்றான். அதிலும் கிளிப் இருந்தது. கொட்டகையில் படித்த அன்று கிளிப்வரைக்கும்தான் படித்தார்கள்.

“கடைசில இன்னாண்ணா எழுதிக்கிறாரு?”

“எடுத்துப் பாருடா.”

கிளிப்பை அழுத்திப் பக்கத்தைத் திருப்பினான். பாயின் கையெழுத்தில் ஒரே ஒரு வரிதான். “மதியம் வீட்டுக்குப் போய்த் தன் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார்.”

 தம்பி பக்கங்களைத் தட்டி நேராக்கி, அதே கையால் கிளிப்பைத் திரும்ப மாட்டினான்.

“பசங்க மொதல்ல முன்னாடி இருக்கறதப் படிக்கட்டும்” என்றான்.