எர்த் கம்பியை வெட்டிய மிக்சர்

மேலப்பாளையத்தில் என் ரிப்பேர் கடைக்கு வரும் மிக்சர்களில் பாதிக்கு ஒரே புகார்தான்: ஸ்பீக்கரில் விடாமல் ஓர் உறுமல். இதற்கு சவுண்ட் செட்டுக்காரர்கள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். மூன்று கம்பி ஒயரில் பச்சைக் கம்பியை, அதாவது எர்த்தை, வெட்டிவிடுவது. உறுமல் நின்றுவிடும். இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

குலசை அம்மன் கோயில் தசராவுக்கு முந்தைய சமயம். சாத்தான்குளம் பக்கத்தில் சவுண்ட் செட்டும், ஊர் ஊராகப் பாடி ஆடும் தசரா குழுவும் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, பெரிய மிக்சரையும் அதன் பவர் சப்ளைப் பெட்டியையும் ஒரு மைக்கையும் வேனில் கொண்டுவந்து இறக்கினார். அவர் குழுவில் பாடும் முத்துலெட்சுமியும் நானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்திருந்தாள்.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே அணைஞ்சு போவுது பாய். தசரா முடியுத வரைக்கும் ஓடுனா போதும்," என்றார் அண்ணாச்சி.

"மைக்கு ஷாக் அடிக்குது, அதையும் சொல்லுங்க," என்றாள் முத்துலெட்சுமி. "உதட்டுல பட்டா உடம்பையே தூக்கிப் போடுது பாய்."

அண்ணாச்சி சிரித்தார். "அது அருள் பாய். மாலை போட்டு விரதம் இருக்கால்லா. போன கோயில் கொடையில இவ ஆடுனத வீடியோ எடுத்து ஊரெல்லாம் பாக்காங்க. அதைப் பாத்துத்தான் இந்த வருசம் எங்களக் கூப்பிடுதாங்க. மத்தவங்களும் அதே மைக்கைத்தான பிடிக்காங்க, அவங்களுக்கு ஏன் அடிக்கல?"

"அம்மன் வந்தா எனக்குத் தெரியும் அண்ணாச்சி. இது கரண்டு."

அருளைப் பற்றிப் பேச நான் யார்? கரண்டைப் பற்றிப் பேசலாம். பெட்டியைத் திறந்தேன். பில்டர் கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன. ரெகுலேட்டர் சூடேறித்தான் பெட்டி அணைந்திருக்கிறது. எர்த் கம்பியை வெட்டி, நுனியில் டேப் சுற்றி, உள்ளே மடக்கி வைத்திருந்தார்கள். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரை டிரான்ஸ்பார்மரில் வைத்துப் பார்த்தால், கடற்காற்றில் அது கெட்டுப்போய், மெயின் கரண்டு இரும்புப் பெட்டிக்கே கசிந்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து மிக்சருக்கு, அங்கிருந்து கேபிள் வழியாக மைக்கின் உலோகத் தலைக்கு. எர்த் இருந்தவரை அந்தக் கசிவு மண்ணுக்குப் போனது; போகும்போது உறுமியது. வெட்டியபின் அதற்கு வேறு வழி வேண்டியிருந்தது. மற்றவர்கள் செருப்புப் போட்டு மைக் பிடித்தார்கள். விரதம் இருந்தவள் மட்டும் ஈர மணலில் வெறுங்காலோடு நின்றாள்.

மைக்கை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "அண்ணாச்சி, செருப்பைக் கழத்திட்டு நீங்க ஒருவாட்டி இந்த மைக்கைப் பிடிங்க," என்றேன்.

பிடிக்க விட்டிருக்க மாட்டேன். அவரோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல்வரை நகர்ந்துவிட்டார். "எனக்கு எதுக்கு பாய் அதெல்லாம்?"

அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவளை மேடையில் ஏற்றியிருக்கிறார்.

வேலையைச் செய்தேன். டவுனில் காயில் சுற்றுகிறவரிடம் புது டிரான்ஸ்பார்மர் சுற்றி வாங்கினேன். கெப்பாசிட்டர்கள், ரெக்டிபயர், ரெகுலேட்டர் எல்லாம் புதிது. பெட்டியின் பெயிண்டைச் சுரண்டி, எர்த் கம்பியின் நுனியில் லக் அடித்து, பெட்டியோடு போல்ட் போட்டு முறுக்கினேன். பல்புகளை லோடாகக் கொடுத்து ஒரு பகல் ஓடவிட்டேன். வோல்டேஜ் அசையவில்லை. மிக்சரை மாட்டிக் கேட்டேன், எர்த் இருந்தும் உறுமல் இல்லை.

பெட்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். மீட்டர் வைத்துக் காட்டியபிறகு முத்துலெட்சுமி காலை நனைத்துக்கொண்டு, சிமெண்ட் தரையில் நின்று, மைக்கை உதட்டோடு வைத்து ஒரு வரி பாடினாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

அண்ணாச்சி என்னிடம் வந்து பைய கேட்டார்: "பாய், எர்த்துக்கு மட்டும் ஒரு சுவிட்ச் போட்டுத் தர முடியுமா? வேணும்னா போட்டுக்கிடலாம், இவ ஆடணும்னா அணைச்சுக்கிடலாம்."

இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "அதுக்குப் பேரு கொலை வே," என்றேன். அண்ணாச்சி என்ற மரியாதை அதற்குமேல் என் வாயில் வரவில்லை.

முத்துலெட்சுமிக்குக் கேட்டுவிட்டது. மைக்கை மேசைமேல் வைத்தாள். "இந்த வருசம் நீங்களே பாடிக்கிடுங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

தசராவுக்கு அவள் வேறொரு குழுவில் பாடினாள். இந்த மனிதர் வீட்டுக்குப் போனதும் கம்பியை மறுபடி வெட்டியிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை; புது டிரான்ஸ்பார்மரும் கடற்காற்றில் ஒருநாள் கசியத்தான் செய்யும். அதனால் அவர் குழுவுக்குப் புதிதாகப் பாட வந்த பெண்ணின் நம்பரைத் தேடிப் பிடித்து, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்வேன். பெட்டியைக் கொண்டுவருகிறவர் ஒருவர், மைக்கைப் பிடிக்கிறவர் வேறொருவர். என்ன கோளாறு என்பதை மைக்கைப் பிடிக்கிறவரிடம் நேரில் சொன்னபிறகுதான் உங்கள் வேலை முடிகிறது.