நானே புரண்டு படுத்தேன்

புந்தோங்கில் அக்கா வீட்டைவிட்டுப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். அக்கா மகள் தாதியர் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டாள். காரணம் நான்.

தோட்டத்து வேலை போய் அவர்கள் வீட்டில் ஒண்டியிருந்த மாதம் முழுக்க நான்தான் அவள் பயிற்சிக்கு நோயாளி. அசையாமல் கிடக்கும் என்னை அவள் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

“மாமா, நீங்க பக்கவாதக்காரர்லா. சும்மா கிடங்க.”

“கிடக்கிறேன்லா, தள்ளு.”

ஆனால் அந்த மெலிந்த கை தோளில் பட்டதும் நானே மெல்லப் புரண்டுவிடுவேன். யாருக்கும் பாரமாகக் கிடந்து எனக்குப் பழக்கமில்லை. தனக்குக் கைவந்துவிட்டதாக அவள் நம்புகிறாள் என்றே நினைத்தேன். தேர்வில் நோயாளியாகக் கிடந்த ஆளை அவளால் அசைக்கவே முடியவில்லை.

பஸ் நிற்குமிடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அக்கா மகள் என்னை மறித்தாள்.

“நீ புரட்டலம்மா. நானாத்தான் புரண்டேன்,” என்றேன்.

“தெரியும் மாமா. எனக்கும் அது லேசா இருந்துச்சி, விட்டுட்டேன். ரெண்டு மாசத்துல மறுபடியும் தேர்வு. இந்தத் தடவ பொணம் மாதிரி கிடக்கணும். ஏறுங்க.”

தப்பு செய்த இடத்தைவிட்டுப் போய்விடுவதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த பரிகாரம். அன்று ஏறி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை தெருமுனையில் கார் கழுவும் வேலைக்குப் போனேன். எத்தனை நாள் இருப்பாய் என்று முதலாளி கேட்டார்.

“ரெண்டு மாசம் கண்டிப்பா இருப்பேண்ணே,” என்றேன். எந்த வேலையிலும் நான் அப்படி நாள் சொல்லிச் சேர்ந்ததில்லை.