பின்வரிசைக்கு ஒரு ஜூம் லென்ஸ்

பினாங்கு ரோட்டில் பழைய கேமரா விற்கும் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். யாரோ வைத்திருந்து விற்றது, விலை அறுநூறு வெள்ளி. அதைக் கையில் வாங்கி என் கேமராவில் மாட்டிப் பார்த்த அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னுடையது பழைய மிரர்லெஸ் கேமரா. அதோடு வந்த சின்ன லென்ஸ் வெயிலில் நன்றாக எடுக்கும். கோயிலுக்குள் நுழைந்தால் படமெல்லாம் இருட்டு, இல்லாவிட்டால் கலங்கல். இந்த லென்ஸோ கடையின் மங்கலான மூலையில்கூடக் கடைக்காரரின் இமை முடியைத் தெளிவாகக் காட்டியது. புதுக் கேமரா வாங்க எனக்கு வழியில்லை. இது போதும் என்று பணத்தை எடுக்கப் போனேன்.

“வேணாம் தங்கச்சி,” என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் நானும் அவரும் ஒரே பிரிவில் வேலை பார்த்தோம். சனி, ஞாயிறுகளில் அவர் கல்யாணப் படம் எடுப்பார். இரண்டாவது ஆளாக என்னைக் கூட்டிப் போவார். அவர் மேடையில் நிற்பார், நான் மண்டபத்தின் கடைசியில் நிற்பேன். அன்று கடையில் அவர் சொன்னார்: “இதுல ஜூம் கிடையாதுலா. இத வச்சிக்கிட்டு மேடையிலதான் நிக்கணும். அத்தன ஆம்பளைங்க மத்தியில போயி இடிபடுவியா? பெரிய ஜூம் வாங்கு. பின்னால நாற்காலி மேல நின்னே எல்லாத்தையும் எடுத்துரலாம்.”

என் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று நம்பினேன். நம்பாவிட்டாலும் மறுத்திருக்க மாட்டேன். வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டுவிட்ட ஒருவரை வெளியாள் முன்னால் எதிர்த்துப் பேசினால் அவருக்கு அவமானம் என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பெண்களை வளர்க்கிறார்கள். என் சின்ன லென்ஸைக் கடைக்காரரிடம் கொடுத்து, மேலே பணமும் போட்டு, அண்ணன் காட்டிய நீள ஜூம் லென்ஸை வாங்கி வந்தேன். என்னைப்போல் ஒரு முட்டாள் இருக்க முடியாது.

அடுத்த ஆண்டு, ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்மாடியில் இருந்த பெண் தன் கல்யாணத்துக்கு என்னைத் தனியாக எடுக்கச் சொன்னாள். எனக்கென்று வந்த முதல் வேலை அது. நன்றாக வந்தால் நான்கு பேர் கூப்பிடுவார்கள், தொழிற்சாலையை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சின்னக் கோயில், மண்டபம்போல் வெளிச்சம் இல்லை. பழக்கதோஷத்தில் பின்னால் நாற்காலி போட்டு ஏறிக்கொண்டேன். கையில்தான் ஜூம் இருக்கிறதே!

கெட்டிமேளம் கொட்டியதும் சனம் மொத்தமும் எழுந்தது. மஞ்சள் அரிசி பறக்கிறது, ஆளுக்கொரு கைப்பேசி தலைக்கு மேல் நிற்கிறது. ஃபிளாஷ் வெளிச்சம் முன்னால் நின்றவர்களின் முதுகில் அடித்துத் திரும்பியது. அந்த அரையிருட்டில் லென்ஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடித் திணறியது. நாற்காலியிலிருந்து குதித்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சேர்ந்தபோது மூன்று முடிச்சும் விழுந்து, நாத்தனார் நகர்ந்துவிட்டிருந்தாள்.

மணப்பெண் ஒரு வாரம் கழித்து என் வீட்டில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் இரண்டு முறை பார்த்தாள். “அக்கா, தாலி கட்டுறது எங்க?” என்று கேட்டாள். இல்லை என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். பிறகு யாரும் கூப்பிடவில்லை. அண்ணனிடம் சொன்னபோது அவர் என் தோளைத் தட்டி, “தனியா போனா இப்படித்தான் ஆகும். நான் இருக்கேன்லா, என்கூடவே வா,” என்றார். அதற்கும் நன்றி சொல்லி, மேலும் இரண்டு வருஷம் அவருக்குப் பின்வரிசைப் படங்களை எடுத்துக் கொடுத்தேன்.

போன வாரம் அவரே போனில் கூப்பிட்டார். அவருடைய மகளும் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறாளாம். அவளிடமும் ஒரு பழைய மிரர்லெஸ்தானாம். “ஒரு முப்பத்தஞ்சு லென்ஸ் எங்கயாவது இருந்தா சொல்லு தங்கச்சி. ஜூம் வேணாம், கோயிலுக்குள்ள அது சுத்தமா ஒதவாது. கல்யாணப் பொண்ணு பக்கத்துல நின்னுதானே எடுக்கணும்.”

“அப்ப எனக்கு மட்டும் ஏண்ணே ஜூம் வாங்கச் சொன்னீங்க?”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: “நீ என்னவிட நல்லா எடுத்தே தங்கச்சி. அதான்.”

ஏதோ பரிசு கொடுத்ததுபோல் சொன்னார். நானும் அதை வாங்கிக்கொண்டு குளிர்ந்துபோக வேண்டுமாம். ஆனால் அவர் மகள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. லென்ஸ் இருக்கும் கடையைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இப்போது என்னிடமும் அதே லென்ஸ் ஒன்று இருக்கிறது. கீழ்மாடிப் பெண்ணின் வீட்டுச் சுவரில் மாலை மாற்றும் படம்தான் மாட்டியிருக்கிறது. தாலி கட்டும் படம் அவளிடம் இல்லை. இனி எந்த லென்ஸ் வாங்கினாலும் அதை நான் எடுக்க முடியாது.