நைட்ரேட் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

நரசிம்மன் சார் கேஷுவாலிட்டிக்குள் தானாகவே நடந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். தெலுங்கு பேசும் ஹப்சிகுடாவில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அன்றைய டூட்டியில் சீனியர் நர்ஸ் நான்தான்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. நாச்சாரத்தில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்மேன். கூடவே ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த மகன், தெலுங்குக்கார மருமகள், மனைவி சரோஜா அம்மா. நெஞ்சு வலி, இடது கையில் குடைச்சல், சட்டை நனைய வியர்வை.

நான் தமிழில் பேசியதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நம்ம பக்கமா சிஸ்டர்? நான் ஆரணி" என்றார்.

ஈசிஜியில் மாரடைப்பு தெரிந்தது. பி.பி. 130/80. டூட்டி டாக்டர் ஆஸ்பிரினும், நாக்குக்கு அடியில் வைக்க நைட்ரேட்டும் கொடுக்கச் சொன்னார். நைட்ரேட் ரத்தக் குழாயை விரித்து வலியைக் குறைக்கும், பி.பி.யையும் இறக்கும். ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டெனாஃபில் உடம்பில் இருந்தால் பி.பி. தாறுமாறாக விழும். அதனால் முதலில் கேட்டாக வேண்டும்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க சார்?"

"பி.பி.க்கு அட்டெனலால், காலையில ஒண்ணு."

"வேற? நேத்து, இன்னிக்கு ஏதாவது?"

அவர் மருமகளைப் பார்த்தார். அந்தப் பெண் மாமனாரின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரமாக நின்றிருந்தாள். பிறகு மகனைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லம்மா."

"சிஸ்டர், டாடிக்கு பெயின் ஜாஸ்தியா இருக்கு. அப்புறம் கேளுங்க, ப்ளீஸ்" என்றான் மகன்.

அவர் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். கவனித்தும், வேறு மருந்து இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நைட்ரேட்டைக் கொடுத்தேன்.

ஐந்து நிமிஷத்தில் "கண்ணு இருட்டுது" என்றார். பி.பி. எழுபதுக்குக் கீழே. காலை உயர்த்தினோம், சலைனை வேகமாக ஓடவிட்டோம், பி.பி.யை ஏற்ற டோபமைன் தொடங்கினோம். இதயம் நின்றுபோனது. நாற்பது நிமிஷம் சி.பி.ஆர். கொடுத்தோம். அவர் திரும்பவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்த சாமான்களைக் கவரில் போடும்போது ஒரு மாத்திரை ஸ்ட்ரிப் வந்தது. நாலில் ஒன்று காலி. பெயரைப் படித்தேன்: சில்டெனாஃபில். டாக்டரிடம் ஓடினேன்.

"பெரிய அட்டாக். இது இல்லாமலும் போயிருக்கலாம். நீங்கள் கேட்டீர்கள், அவர் இல்லை என்றார்" என்றார் டாக்டர் தெலுங்கில். என்மேல் தப்பில்லை என்று எழுதித் தரவும் தயாராக இருந்தார்.

சரோஜா அம்மாவை மட்டும் தன் அறைக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவுக்குத் தெலுங்கு அவ்வளவாக வராது. தமிழில் சொல்ல வேண்டியவள் நான். எப்படியோ சொல்லி முடித்தேன்.

அந்த அம்மா அழவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்மா. நேத்துதான் போட்டாரு. மருமவ எதிர நிக்கும்போது எந்த மாமனாரு வாயத் தொறப்பாரு? தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானாச்சும் சொல்லியிருக்கணும். எனக்கும் வெக்கமாப் போச்சு" என்றார். பிறகு, "பையனுக்கு இது தெரிய வேணாம்மா" என்றார்.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். மகனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெளியே அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் சிஸ்டர், நீங்க எல்லாம் ட்ரை பண்ணீங்க" என்றான். வாஷ்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான். சொந்தக்காரர்களை வெளியே அனுப்புங்கள். மாத்திரையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கூச்சப்பட்டால், உயிர் விஷயம் என்று சொல்லி மறுபடி கேளுங்கள். இதற்கெல்லாம் ஒரு நிமிஷம்தான் ஆகும். அன்றைக்கு என்னிடம் அந்த ஒரு நிமிஷம் இருந்தது.