அவசரம் லேது

ஜெகநாதன் தனக்கு ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதாக அவன் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பந்தியில் இரண்டாம் அப்பளம் கேட்க மாட்டான். பரிமாறுகிறவர் தானாகத் திரும்பிப் பார்த்தால் உண்டு. "இவன் வாயில கொழுக்கட்டைய வச்சிக்கினு பொறந்தான்" என்று அவனுடைய நைனா ஆற்காட்டுச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஒருமுறை திமிரியில் பெண் பார்க்கப் போனார்கள். அவனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதா என்று அவர்கள் கேட்டபோது, "ஒன்னும் அவசரம் இல்ல, நீங்க நல்லா யோசிச்சி சொல்லுங்க" என்றான். அவர்கள் நன்றாக யோசித்து வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அவன் அம்மா இதைப் பொறுமை என்று சொல்லிக்கொண்டாள். பொறுமைக்கும் பயத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான்.

முப்பது தாண்டிய பிறகு வேலை அவனை ரேணிகுண்டாவுக்குக் கொண்டுவந்தது. ஆலையில் செய்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து, தேறாததைத் தனியே ஒதுக்குகிற வேலை. தங்குவதற்குத் திருப்பதியில் கொர்லகுண்டாப் பக்கம் ஒரு மாடியறை. கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிற ஊரில் தனியாக இருப்பவன் யார் கண்ணிலும் படுவதில்லை. மூலையில் இருந்த டிபன் கடைக்காரர் ஆறு மாதம் கழித்தும் அவனிடம், "தரிசனம் ஆச்சா சார்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

தெலுங்கு கற்றுக்கொள்ள அவன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தான். தமிழ்ச் சொல்லை எடுத்து அதன் பின்னால் 'இல்லை'க்குப் பதிலாக ஒரு 'லேது' போட்டுவிடுவது. பயம் லேது. சந்தேகம் லேது. கஷ்டம் லேது. ஆலையிலும் கடையிலும் இது பிசகில்லாமல் ஓடியது. பாஷை வசப்பட்டுவிட்டது என்றே அவன் நினைத்தான்.

அதே ஆலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் சுதீர்தான் அவனைச் சீட்டாட்டத்துக்கு அழைத்தவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சந்திரகிரியில் சுதீர் வீட்டு மாடியில் நான்கு பேர். சித்தூரிலிருந்து யஸ்வந்த் பாகாலா வழியாக ரயிலில் வருவான். காவ்யா நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இரண்டு பாஷையும் அவளுக்குத் தாய்மொழி மாதிரி.

இது ரம்மி இல்லை. பறவைகளும் பூதங்களும் மந்திரங்களும் அச்சடித்த சீட்டுகள் மூடிய பாக்கெட்டுகளில் வரும். ஆளுக்கு மூன்று பாக்கெட். முதல் பாக்கெட்டைப் பிரித்து, அதில் ஒரு சீட்டைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, மிச்சத்தை இடப்பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். வலப்பக்கத்து ஆள் தன் மிச்சத்தை நம்மிடம் தள்ளுவான். அதிலிருந்தும் ஒன்று. இப்படியே சுற்றிச் சுற்றி மூன்று பாக்கெட்டும் தீர்ந்ததும், அவரவர் சேர்த்ததைக் கட்டாக்கி ஜோடி ஜோடியாக மோத வேண்டும்.

ஆட்டத்தில் ஜெகநாதன் பெரிய கெட்டிக்காரன் இல்லை. அவனுக்குப் பிடித்தது முதல் பாதிதான். அங்கே 'நீ எடு, அப்புறம் நான்' என்பதற்கே இடமில்லை. எடுத்தால்தான் தள்ள முடியும். தள்ளினால்தான் ஆட்டம் நகரும். தனக்கென்று ஒன்றை எடுப்பது அங்கே பேராசை இல்லை, மரியாதை. வாரத்தில் ஒரு மத்தியானம் அவன் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டான்.

ஆடி மாதத்தில் பாக்கெட்டுகள் தீர்ந்துபோயின. சுதீர் அவர்களுடைய வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டான். சென்னையிலிருந்து புதிதாக வரவழைக்கிறேன், ஜெகன், உனக்கு வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டிருந்தான். தனக்காக யாரும் பரபரக்க வேண்டாம், மெதுவாக வரட்டும் என்று பதில் சொல்ல நினைத்தான் ஜெகநாதன். தன் வழக்கப்படி எழுதினான்: "அவசரம் லேது அன்னா." சுதீர் கட்டைவிரல் காட்டினான்.

பாக்கெட் வரும்வரை ஆட்டமில்லை. இரண்டு வாரம் கழித்து ஞாயிறன்று குழுவில் யஸ்வந்த், ரயில் ஏறிவிட்டேன் என்று எழுதியதைப் பார்த்ததும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வழியில் சூடாக மசால் வடை கட்டிக்கொண்டான்.

மாடியில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரப் பாயில் ஒரு பெண். காவ்யாவோடு வேலை செய்யும் பிரீத்தி. கையில் பிரித்த பாக்கெட்.

"ஏம்ரா ஜெகன்!" என்றான் சுதீர். "நுவ்வு ரானன்னாவ் கதா?"

"வரமாட்டேன்னு சொன்னியேன்னு கேக்கறான்" என்றாள் காவ்யா.

"நான் எப்ப சொன்னேன்?"

சுதீர் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஆமா. அவசரம் இல்லன்னுதான் போட்டேன். மெதுவா வாங்கிக்கலாம்னு."

யஸ்வந்துக்குத்தான் முதலில் புரிந்தது. பாயில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "ஓரி நாயனோ! தெலுங்குல அவசரம்னா தேவைப்பா. எனக்குத் தேவையில்லன்னு எழுதிக் குடுத்துட்டு வடையோட வந்து நிக்கிற!"

"அப்டியா?"

"தாலி எடுத்துக் குடுக்கும்போதும் இப்டி ஏதாச்சும் சொல்லிடாத. ஐயரு தாலியத் திருப்பி எடுத்துக்கினு பூடுவாரு."

சுதீர் சிரித்தான். பிரீத்தியும் சிரித்தாள். ஜெகநாதனும் கூடச் சிரித்தான். சிரிக்காமல் இருக்க முடியாது, அது உண்மையிலேயே நல்ல கூத்து. காவ்யா மட்டும் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ரெண்டு பாஷையும் தெரியுமே காவ்யா" என்றான் அவன். குற்றமாகக் கேட்கவில்லை.

"அன்னிக்கே படிக்கும்போது ஒரு மாதிரிதான் இருந்துச்சு." அவள் நிமிரவில்லை. "கேக்கலாம்னு பாத்தேன். அப்புறம் பிரீத்தி வரேன்னு சொன்னா... பாக்கெட்டு நாலு பேருக்குத்தான்..."

வடைப் பொட்டலத்தில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

சொல்லைத் தவறாகப் போட்டவன் அவன்தான், அதில் வழக்கில்லை. ஆனால் வாரம் தவறாமல் வந்தவன் திடீரென்று தேவையில்லை என்கிறான், ஏன் என்று ஒருவர்கூட ஒரு போன் செய்யவில்லை. சுதீர் அவனைத் தினமும் ஆலையில் பார்க்கிறவன். கேண்டீனில் எதிரே உட்கார்ந்து சாம்பார் வாளியைத் தள்ளிவிடுகிறவன். தவறு அந்தச் சொல்லோடு முடிந்துவிட்டது. மிச்சமிருந்த மௌனத்துக்கு இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம். யாரும் அவனை வெறுக்கவில்லை. அவன் இல்லாமலும் நான்கு பேர் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

"பரவாயில்லடா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான் சுதீர், தன் உடைந்த தமிழில். "இன்னிக்கு சும்மா உக்காந்து பாரு."

"எனக்கு ஆடணும்" என்றான் ஜெகநாதன்.

சொன்னது அவனுக்கே கேட்டது. யஸ்வந்த் சிரிப்பை விட்டுவிட்டு சுதீரைப் பார்த்தான்.

பிரீத்தி பாதி எழுந்தாள். "நீங்க உக்காருங்கண்ணா. எனக்கு இன்னும் ரூல்ஸே சரியா தெரியாது."

'வேணாம்மா, நீ ஆடு' என்று அவன் சொல்வான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவனும்தான் காத்திருந்தான். நாக்கு நுனிவரை வந்த வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் நல்ல பையன் என்ற பெயரோடு நான்கரைப் பேருந்தைப் பிடித்திருக்கலாம். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, அவள் எழுந்த பாயில் உட்கார்ந்தான்.

பிரீத்தி ஏற்கெனவே ஒரு சீட்டை எடுத்திருந்தாள்: சிறகு முளைத்த ஒரு கீரிப்பிள்ளை. பெரிய உபயோகமில்லாதது. படம் அழகாக இருப்பதால் எடுத்திருப்பாள். அவன் அதை மாற்றவில்லை.

அவனுக்கு வலப்பக்கம் காவ்யா. அவள் தள்ளிய மிச்சத்தில் ஒரு நல்ல சீட்டு இருந்தது. அடுத்ததில் அதைவிட நல்லது. இந்த ஆட்டத்தில் பக்கத்து ஆளின் மனதைத் தெரிந்துகொள்ள அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று பார்த்தால் போதும். மூன்றாவது சுற்றில், கையில் பூதக் கட்டு சேர்த்துக்கொண்டிருந்தவள் பூதங்களின் ராஜாவையே அவனிடம் தள்ளிவிட்டாள். யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது மன்னிப்பு. வாயால் கேட்டிருந்தால் 'அட, வுடு' என்றிருப்பான். சீட்டாக வந்ததை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

அவன் எல்லோரையும் ஜெயித்தான். இதற்கு முன்பு ஒருமுறைகூட ஜெயித்தவனில்லை. "ஏம்பா, வரமாட்டேன்னவன் வந்து வாரிக்கினு போறானே!" என்று யஸ்வந்த் முதுகில் தட்டினான். பிரீத்தி கட்டிலில் உட்கார்ந்து ஒரு வடை தின்றாள், கொஞ்ச நேரம் ஆட்டத்தையும் மிச்ச நேரம் போனையும் பார்த்தாள், அம்மா கூப்பிடுகிறாள் என்று நடுவிலேயே கிளம்பிப் போனாள். அவள் படியிறங்கியபோது ஜெகநாதனின் முறை. தலையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அவன் மட்டும் நின்றான். யஸ்வந்த் ரயிலடிக்குப் போய்விட்டான். காவ்யாவை சுதீர் வண்டியில் கொண்டுவிடுவதாகச் சொல்லியிருந்தான். போன் ஒலித்தது. சுதீரின் செய்தி. இனிமேல் ஐந்து பேர், பதினைந்து பாக்கெட் வரவழைக்கிறேன்.

பதினைந்தில் தன்னுடைய மூன்றும் இருப்பதை அவன் பார்த்தான். ஆக, கேட்டால் கிடைக்கிறது. முப்பது வருடமாக அவன் நம்பாத செய்தி, நல்ல செய்திதான். ஆனால் அவன் இத்தனை காலம் பேசாமல் இருந்தது கூச்சத்தால் மட்டுமில்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. கேட்காமலே ஒருவர் திரும்பிப் பார்ப்பாரா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான். இடத்தைக் கேட்டு வாங்கலாம். ஒருவர் தானாகத் திரும்பிப் பார்ப்பதைக் கேட்டு வாங்க முடியாது; கேட்ட கணமே அது வேறொன்றாகிவிடுகிறது.

ஜெயித்ததை யாரிடமாவது சொல்லலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனான். அம்மாவிடம் சொன்னால் சீட்டாட்டமா என்று பதறுவாள். நைனாவிடம் சொன்னால் எவ்வளவு காசு என்பார். பட்டியல் தீர்ந்தது. திருப்பதிப் பேருந்து மொட்டைத் தலைகளும் சந்தன வாசனையுமாக நெருக்கிக்கொண்டு வந்து நின்றது. குழுவைத் திறந்து, "நான் வரேன்" என்று தமிழிலேயே எழுதி அனுப்பிவிட்டு, படியில் கால் வைக்க இடம் தேடினான்.