கொடும்பாவிக்குக் கட்டிய புடவை

மழை பொய்த்து, சம்பா நட்ட வயல்கள் வெடித்துக் கிடந்த ஐப்பசி அது. வலங்கைமான் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் கொடும்பாவி கட்டினார்கள். வைக்கோலில் ஒரு பெண்ணைச் செய்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் அவள் தலையில் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்துப்போய்ச் சுடுகாட்டில் எரித்தால் மழை வருமாம்.

நான் சிவில் இன்ஜினியர். எதைப் பார்த்தாலும் என்னென்ன சாமான் என்று மனம் கணக்கெடுக்கும். வைக்கோல், தலைக்கு மண்சட்டி, கயிறு, பச்சைப் பூப்போட்ட புடவை. அந்தப் புடவை எனக்குத் தெரியும். கணவனை விட்டு வந்து தையல் கடை நடத்தும் மாலதி அக்காவுடையது. கொடியில் காய்ந்ததை எடுத்திருக்கிறார்கள்.

"மழை ஏன் பெய்யலன்னு இப்பத் தெரியுதா?" என்றார் என் சித்தப்பா, புடவையைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கொடும்பாவியை இழுத்து வந்தபோது, தன் கடை வாசலில் அக்கா வழிமறித்தார். "வைக்கோலு உங்களுது, கொளுத்திக்குங்க. புடவை என்னுது, குடுங்க."

"கொடும்பாவி கட்டுனத நீ திரும்பக் கட்டுவியா?" என்றார் சித்தப்பா.

"தொவச்சுக் கட்டுவேன். உங்க கை பட்ட எடத்த மட்டும் ரெண்டு தரம் தொவைப்பேன்."

நான் போய்ப் புடவையை உருவினேன். எரிப்பதற்காக முன்பே தெளித்திருந்த மண்ணெண்ணெய் கையில் ஒட்டியது. அக்கா மறுமுனையைப் பிடிக்க, நடுத்தெருவில் நின்று இருவரும் மடித்தோம்.

புடவை இல்லாமலே கொடும்பாவியை எரித்தார்கள். அந்த வாரமே மழை கொட்டியது. "பாத்தியா, பலிச்சிருச்சு!" என்றார் சித்தப்பா. பயிர் பிழைத்ததில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த மழையை யாராவது பெருமையாகப் பேசினால், எனக்கு இன்றும் மண்ணெண்ணெய் வாடைதான் வருகிறது.