எல்லோருக்கும் பழைய பக்கம்

எது வேலை செய்யவில்லை என்று யார் சொன்னாலும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவர் முதலில் தானே தொட்டுப் பார்ப்பார். பிறகு, "எனக்கு வருதே" என்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனைவி சொன்னாலும் அதே பதில்தான். கடைத்தெருவில் அதுவே பட்டப்பெயராகிவிட்டது. "எனக்குவருதேகிட்ட குடுத்திருக்கேன்" என்றால் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

தம்பி வலிப்பில் இறந்த வருடம், வலிப்பு நோயாளிகளின் வீட்டார் பேசிக்கொள்ள ஓர் இணையதளம் தொடங்கினார். யாரும் கேள்வி கேட்கலாம். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். இதற்காக யாரிடமும் சல்லிக்காசு வாங்கியதில்லை.

கொஞ்ச நாளாக, எழுதுவது எதுவும் பக்கத்தில் தெரிவதில்லை என்று சிலர் புகார் சொன்னார்கள். தன் திரையில் பார்த்தார், எல்லாம் இருந்தது. உங்கள் போனில்தான் கோளாறு என்று எழுதியனுப்பினார். ஓர் அப்பா ஒரே கேள்வியை நான்கு முறை போட்டிருந்தார்: புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, வாயில் புண், பொறுத்துப் பார்க்கலாமா? மூன்றை அழித்துவிட்டு, மிஞ்சியதன் கீழே, ஒரு தடவை கேட்டால் போதும் என்று குறிப்பு வைத்தார். தளத்தை அவரோடு கவனித்துக்கொள்ளும் நர்சம்மா அங்கேயே பதில் எழுதியிருந்தார்: பொறுக்கவே பொறுக்காதீர்கள், இப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதைப் பார்த்து, பதில்தான் வந்துவிட்டதே என்று அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

அடுத்த வாரம் அந்த அப்பா போன் செய்தார். குரல் உயரவே இல்லை.

"சார், உங்க பக்கத்துல நான் எழுதினது எதுவுமே வரல. பொண்ணு போயிட்டா. இனிமே எனக்கு ஒண்ணும் வேணாம். மத்தவங்களுக்காவது சரி பண்ணி வைங்க."

அவர் மனைவியின் போனை வாங்கித் தளத்தைத் திறந்தார். போன மாதப் பக்கம் அப்படியே நின்றது. பொறுப்பாளர்களான தனக்கும் நர்சம்மாவுக்கும் மட்டும் நேரடிப் பக்கத்தையும், மற்றவர்களுக்கு அவ்வப்போது எடுத்துவைக்கும் நகலையும் காட்டும்படி அமைத்தவர் அவரேதான். ஆட்கள் ஏற்றிய படங்களால் தளம் இயங்கும் சர்வர் கம்ப்யூட்டரில் இடம் நிரம்பி, புது நகல் எடுக்க வழியில்லாமல் நின்றுபோயிருந்தது. ஒரே ஒரு தடவை வேறு ஆளாக நுழைந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்படியானால் இத்தனை வருடம் இதை யாருக்காக நடத்தினோம்?

பழைய படங்களை நீக்கினார். இனி நகலைப் புதுப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் புதுப்பித்தால் நர்சம்மாவின் பதிலும் எழுதிய நேரத்தோடு வெளியே தெரியும். கேள்வி வந்த சற்று நேரத்திலேயே எழுதிய பதில்.

"எடுத்துடுங்க" என்றாள் மனைவி. "அதைப் பாத்தா அந்த மனுஷன் எப்படிங்க தாங்குவாரு?"

"எடுத்தா, அது அவருக்காகவா, எனக்காகவா?"

அவர் அழிக்கவில்லை. அந்தக் கேள்வியைப் பதிலோடு மறைத்துவிட்டு, மற்றதையெல்லாம் புதுப்பித்தார்.

சில நாளில் அந்த அப்பா மறுபடி கூப்பிட்டார். இப்போது எல்லாம் சரியாக வருகிறது, நல்லது என்றார். பிறகு சற்றுத் தயங்கினார்.

"என்னோடது மட்டும் காணோம் சார். அன்னிக்கு யாராவது பதில் போட்டிருந்தாங்களா?"

பார்த்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தார். மாதங்கள் ஓடிவிட்டன. அந்த மனிதருக்குச் சொல்ல வேண்டிய 'ஆமாம்' என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் இன்னும் சொல்லவில்லை.